சலாமி அறையில் தொங்கிய சைக்கிள்

போஸ்கோபாஸோ கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இருக்கிற ஊர். பெய்த மழைகூடத் தானாக வெளியே போகாது. பம்பு வைத்து இறைத்துத்தான் 'போ' என்ற நதியில் தள்ள வேண்டும். ஊர் முழுக்கத் தேடினாலும் மேடு என்று சொல்ல ஒன்றுதான் உண்டு, ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம். அதன் உச்சியில் 'கழுகுகள் சைக்கிள் சங்கம்' ஒரு பலகை நட்டிருந்தது: 'கழுகுக் கணவாய். உயரம் ஏழு மீட்டர்.' ஊரிலிருந்து அளந்தால்தான் ஏழு, கடல் மட்டத்திலிருந்து அளந்தால் ஐந்து என்று சங்கத்தின் செயலாளர், சர்வேயர் எஜீதியோ, ஆட்சேபம் எழுப்பினார். இரண்டு வருஷம் பொதுக்குழுவில் விவாதித்து, கடைசியில் ஏழே நிலைத்தது.

இந்த ஊரில்தான் சைக்கிளின் எடையைக் கண்காணிக்க ஒரு கமிஷன் இருந்தது.

மலைநாட்டில், பந்தயம் ஓடுகிறவனுக்கு, நூறு கிராம் ஏதோ வித்தியாசம் செய்யலாம். செய்கிறது என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். கழுகுகள் பந்தயம் ஓடுகிறவர்கள் இல்லை. மொத்தம் இருபத்து மூன்று பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். அவர்களில் மெலிந்தவர் என்று பெயரெடுத்தவர் தொண்ணூற்று ஒரு கிலோ. ஆனால் சங்க விதி நான்கு, ஃபிரேமை மட்டும் தனியாக நிறுத்தால் ஆயிரத்து இருநூறு கிராமுக்கு மேல் போகக் கூடாது என்றது. 'ஒவ்வொரு கிராமும் ஒரு துரோகி' என்று சங்கக் கொடியில் தைத்திருந்தார்கள். எடையைக் குறைக்க மணியைக் கழற்றினார்கள், தண்ணீர்ப் புட்டியில் பாதிதான் நிரப்பினார்கள், பாதி வழியில் நிறுத்தி, பன்றி இறைச்சிச் சலாமி வைத்த ரொட்டி ஆளுக்கு மூன்று சாப்பிட்டார்கள். டிராக்டர் மெக்கானிக் லோரிஸ், சைக்கிளின் ஆணிகளையெல்லாம் மாற்றிப் பதினோரு கிராம் குறைத்ததைக் கொண்டாட, ஐந்து பதார்த்த விருந்து வைத்தான். அன்று எழுந்து நடக்க முடியாத சிலரை நாற்காலியோடு தூக்கிப் போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டிலும் இதே ஒழுங்குதான். இலேசான ஃபிரேம்காரர் சமையலறைக் கதவு ஓரம், தட்டு முதலில் வருகிற இடம். கனத்த ஃபிரேம்காரர் கழிவறைக் கதவு ஓரம்.

நீவெஸ் இந்தச் சங்கத்தில் சேர ஆசைப்பட்டதற்குச் சாப்பாடு காரணமில்லை. அவளே சமையல்காரி. இருபத்தேழு வருஷமாகப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். முதல் வகுப்புப் பிள்ளைக்கு அறுபது கிராம் பாஸ்தா, ஐந்தாம் வகுப்புக்கு எண்பது. கையால் அள்ளிப் போட்டுவிட்டு அப்புறம் எடை மெஷினில் வைப்பாள். ஒரு கிராம் இப்படி அப்படி இருந்தால் தன் கைமேல்தான் கோபம் வரும். பிள்ளைகள் சாப்பாடு என்பதால் வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு அதிகாரி வந்து அந்த மெஷினைச் சோதித்து முத்திரை ஒட்டிவிட்டுப் போவார்.

அவளுக்கு ஒரே ஆசை. ஊரிலிருந்து நாற்பத்து மூன்று கிலோமீட்டரில், நதி கடலில் சேருகிற இடத்தில், ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. காரில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். சைக்கிளில், தன் காலால் மிதித்து, ஒரு தரம் போக வேண்டும். ஐம்பத்து நாலு வயதில் ஒருத்தி தன் காலால் போய்க் கடலைப் பார்க்க ஆசைப்பட்டால், ஏன் என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை.

மூன்று தடவை கிளம்பினாள். மூன்று தடவையும் கடலிலிருந்து வருகிற காற்று நதிக்கரைச் சாலைமேல் அவளைப் பிடித்து நிறுத்தியது. மரம் கிடையாது, சுவர் கிடையாது, மறைவு என்பதே கிடையாது. மிதிக்க மிதிக்க அதே மைல்கல் பக்கத்திலேயே நிற்கும். மூன்று தடவையும் புருஷன் வால்தெருக்குப் போன் செய்தாள். வால்தெர் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன், வேன் வைத்திருந்தான். போனை எடுத்ததும் ஹலோகூடச் சொல்ல மாட்டான்.

"எந்தக் கிலோமீட்டர்?"

முதல் தடவை பத்தொன்பது. அடுத்து இருபத்து மூன்று. மூன்றாவது இருபத்தொன்று.

"பின்னாடி வந்துட்டியே நீவெஸ்," என்றான் வால்தெர், வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டே. "இந்தக் கணக்குல போனா அடுத்த வருஷம் நம்ம வாசல்ல இருந்தே கூட்டிட்டு வரலாம். பெட்ரோல் மிச்சம்."

அவன் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் காபிக் கடையில் சொன்னான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டை நீட்டிக்கொண்டே, "வேன் ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்" என்றான். நீவெஸ் அவனுக்குச் சரியாக எழுபது கிராம்தான் போட்டாள். ஆனால் மனசுக்குள், இனி செத்தாலும் அந்த வேனில் ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைமேல் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கழுகுகள் அவளைக் கடந்து போனார்கள். அவள் சும்மா அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டாள். காற்று நின்றுவிட்டது. கதவைச் சாத்தின மாதிரி நின்றுவிட்டது. கால்கள் தானாகச் சுற்றின. ஒரு கிலோமீட்டர் தூரம் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் கடைசியில் போன லோரிஸ் திரும்பிப் பார்த்தான்.

"நீவெஸ், உன் ஃபிரேம் எவ்வளவு?"

"யாருக்குத் தெரியும்?"

"நிறுக்காத வண்டியா? ஐயோ, தள்ளிப் போ, தள்ளிப் போ. கமிஷன் பாத்தா என் கார்டைப் புடுங்கிடுவாங்க."

அவள் தள்ளிப் போனாள். காற்று திரும்ப வந்து முகத்தில் அறைந்தது. வீட்டுக்கு வந்ததும் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். வருஷா வருஷம் மே மாதம் கழுகுகள் கலங்கரை விளக்கத்துக்கு ஒரு பயணம் போவது வழக்கம். இருபத்து மூன்று முதுகுகளுக்குப் பின்னால் ஒரு இடம் கிடைத்தால் போதும்.

பழைய ஃபிரேம் இரும்பு, நினைத்தே பார்க்க முடியாது. அத்தை மகன் ஒருவனிடமிருந்து நீலநிற அலுமினிய ஃபிரேம் ஒன்றை வாங்கி, பள்ளிக்கூட மெஷினில் வைத்துப் பார்த்தாள். ஆயிரத்து நூற்று எண்பது. இருபது கிராம் லாபம் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மார்ச் மாதம் முதல் ஞாயிறு எடை தினம். சங்கத் தலைவர் ஒலிந்தோ இறைச்சிக் கடைக்காரர். மாதக் கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துகிற சலாமி, மோர்த்தடெல்லாத் தொத்திறைச்சி, பன்றித் தொடை எல்லாம் அவர் கடையில்தான். சங்கத்தின் கூடம் கடைக்குப் பின்புறம். கடையின் எடை மெஷின்தான் சங்கத்தின் அதிகாரபூர்வத் தராசு. அதை வெள்ளைத் துணி போட்ட தட்டில் வைத்து இரண்டு பேர் சுமந்து வந்தார்கள், எல்லாரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். லோரிஸ் ஒவ்வொரு சைக்கிளையும் எலும்பெலும்பாகக் கழற்றினான். திருப்பி மாட்டும்போது எப்படியும் நாலைந்து ஆணி மிஞ்சும். எடை குறைந்ததாக அதையும் பதிவு செய்வார்கள்.

ஒலிந்தோவின் எடை நூற்றுப் பத்துக்கு மேல் என்பது பார்த்தாலே தெரியும். கழுத்தில் சங்கத்தின் பச்சைப் பட்டை. கடையில் நீவெஸை "வா, போ" என்பவர், அந்தப் பட்டையைப் போட்டதும் வேறு ஆளாகிவிடுவார்.

"விண்ணப்பதாரர் அம்மையார் தங்கள் ஃபிரேமைத் தராசின்மேல் வைக்கலாம்."

வைத்தாள். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு என்றது தராசு.

"தொண்ணூறு கிராம் அதிகம்," என்றார் ஒலிந்தோ, சாவுச் செய்தி சொல்கிற குரலில். "அம்மையாரே, வருத்தப்படாதீர்கள். சைக்கிள் என்பது தியாகம். சிலருக்கு அது வாய்ப்பதில்லை. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ துறந்திருக்கிறேன். போன வருஷம் இருக்கைக்கு அடியிலிருந்த சின்னப் பையைக்கூடத் துறந்தேன்." இதைச் சொல்லும்போது அவர் கையில் ஒரு ரொட்டி இருந்தது.

நீவெஸ் ஃபிரேமைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தொண்ணூறு கிராம் என்பது ஒரு பிள்ளையின் தட்டுக்கும் மேலே. அவ்வளவு வித்தியாசத்தை அவள் கை தவறவிடாது.

லோரிஸ் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னான். "கம்பெனிக்காரங்க எல்லாரும் திருடங்க நீவெஸ். என்னுது எண்ணூத்தி இருபதுன்னு எழுதி வித்தான். இங்க வச்சா எண்ணூத்தித் தொண்ணூத்தி ஆறு. தலைவரோடது எழுநூத்தி ரெண்டுதான், இங்க எழுநூத்தி அறுபத்தேழு காட்டுது. நாலு கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி காட்டமா லெட்டர் போட்டிருக்கோம். ஒருத்தனும் பதில் போடல. பயம்."

நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு விகிதம் போட்டுச் சமைக்கிறவள் நீவெஸ். வேறு வேறு கம்பெனிகள் சொல்லிவைத்த மாதிரி, தன் ஃபிரேம் ஏறின அதே விகிதத்தில் பொய் சொல்வது அவளுக்கு விநோதமாகப் பட்டது. சனிக்கிழமை கடைக்குப் போய் அரைக் கிலோ மோர்த்தடெல்லா கேட்டாள்.

"என்ன நீவெஸ், சங்கம் கிடைக்கலன்னு கோவமா?" என்றார் ஒலிந்தோ, தலையணை மொத்தத்திலிருந்த மோர்த்தடெல்லாவைச் சீவிக்கொண்டே. "மனசுல வச்சுக்காத. இந்தா, ஐந்நூறு. கரெக்டா இருக்கு."

தாளில் சுற்றி, ஐந்நூறு என்று அச்சான சீட்டை ஒட்டிக் கொடுத்தார். கையில் வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குப் போய் மெஷினில் வைத்தாள். நானூற்று ஐம்பத்தேழு. காலிச் சமையலறையில் தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

வால்தெர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கான். நேரா போலீஸ்ல சொல்லு."

"போலீஸ் என்னைச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போவாங்களா?"

"எங்க?"

"லைட்ஹவுஸுக்கு. எனக்கு அவரு ஜெயிலுக்குப் போக வேணாம் வால்தெர். மே மாசம் எனக்கு முன்னாடி போகணும்."

அவள் மேல்முறையீடு செய்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு விசாரணை. கமிஷன் என்பது ஒலிந்தோ, எஜீதியோ, லோரிஸ் மூன்று பேர்; வேடிக்கை பார்க்க மற்ற இருபது பேரும் வந்திருந்தார்கள். நீவெஸ் ஒரு கையில் பள்ளிக்கூட மெஷினும் இன்னொரு கையில் பிரிக்காத பொட்டலமுமாக வந்தாள்.

"இது தலைவர் கடையில சனிக்கிழமை வாங்கினது. சீட்டுல ஐந்நூறுன்னு இருக்கு. எல்லாரும் பாத்துக்குங்க," என்று பொட்டலத்தை மெஷினில் வைத்தாள்.

நானூற்று ஐம்பத்தேழு.

"அப்ப உன் மெஷின் தப்பு," என்றான் லோரிஸ்.

"இதுல அரசாங்க முத்திரை இருக்கு. ஜனவரியில பாத்து ஒட்டினாங்க. சனிக்கிழமை வாங்கின கையோட பள்ளிக்கூடத்துல வச்சப்பவும் இதே எடைதான். பிள்ளைங்க சாப்பாடு லோரிஸ், விளையாட்டு இல்ல."

தலைவரைத் தவிர இருபத்திரண்டு பேரும் அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்கள். ஒவ்வொருவரும் மனசுக்குள் முப்பது வருஷத்து மோர்த்தடெல்லாவைத் துண்டு துண்டாக எண்ணிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"எங்க மாமியார் சொல்லிட்டே இருப்பா," என்றான் லோரிஸ் மெதுவாக. "முன்னெல்லாம் அரைக் கிலோவுல ஆறு பேர் சாப்பிடுவோம்னு. கெழவி பேராசை புடிச்சவன்னு நெனச்சேன்."

ஒலிந்தோவின் முகம் அவர் கடைச் சரக்கின் நிறத்துக்கு வந்தது. ஆனால் முப்பது வருஷம் தலைவராக இருக்கிறவர் சும்மா இருந்துவிடுவாரா? எழுந்து பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நண்பர்களே. இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இறைச்சி ஒரு ஜடப்பொருள் அல்ல, அது சுவாசிக்கிறது. சலாமியைத் தொங்கவிட்டால் எடை குறையும். யாராவது அதைத் திருட்டு என்பீர்களா? அது இயற்கை எடையிழப்பு. என் கடையில் எந்தப் பொருளும் எடையிழந்து வந்ததே தவிர, எடை குறைத்துக் கொடுக்கப்பட்டதில்லை. அம்மையார் வாங்கிய மோர்த்தடெல்லா கடையில் ஐந்நூறு. பள்ளிக்கூடம் போவதற்குள் அது இழக்க வேண்டியதை இழந்துவிட்டது."

"மோர்த்தடெல்லா வேகவச்சது தலைவரே," என்றாள் நீவெஸ். "அது காயாது. கடையில இருந்து பள்ளிக்கூடம் நானூறு மீட்டர்."

"அன்னிக்குக் காத்து எப்படி அடிச்சுதுன்னு உனக்குத் தெரியாதா!" என்று கத்திய ஒலிந்தோ, பட்டை ஞாபகம் வந்து, "தெரியாதா, அம்மையாரே," என்று முடித்தார்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் எழுந்து போகவுமில்லை. தராசு தப்பென்றால் அதில் நிறுத்துக் கொடுத்த இருபத்து மூன்று சான்றிதழும் தப்பு. நாலு கம்பெனிக்கும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். தராசு காட்டிய எண்ணைப் பார்த்துப் பயந்து, இன்னும் இலேசானது வேண்டுமென்று வீட்டில் சண்டை போட்டு வாங்கிய ஃபிரேம்களை நினைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை பாதி வழி சலாமி ரொட்டிக்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

சர்வேயர் எஜீதியோதான் காப்பாற்றினார். "தலைவர் சொன்ன தத்துவத்தை ஏற்றுக்கொண்டால்," என்று கண்ணாடியைத் துடைத்தார், "அது எல்லாப் பொருளுக்கும் பொருந்த வேண்டும். பன்றிக்கு ஒரு நீதி, அலுமினியத்துக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது. விண்ணப்பதாரரின் ஃபிரேம் அதிக எடை என்பதல்ல, அது இன்னும் பதப்படவில்லை என்பதே உண்மை. தலைவருடைய சலாமி அறையில் நாற்பது நாள் தொங்கவிட்டு மறுபடி நிறுக்கலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நீவெஸ் வாயைத் திறந்தாள், ஒலிந்தோவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டு ஃபிரேமை எடுத்து நீட்டினாள்.

நீல ஃபிரேம் இரண்டு நீள சலாமிகளுக்கு நடுவில் கொக்கியில் தொங்கியது. விஷயம் அதோடு நிற்கவில்லை. புதிதாக வருகிறவளுடைய ஃபிரேம் மட்டும் பதப்பட்டு இலேசாகிவிட்டால் சாப்பாட்டு மேஜையில் இடம் மாறிவிடும் என்று ஒருவருக்குத் தோன்ற, மறுவாரம் எல்லாரும் தங்கள் ஃபிரேம்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அறையில் இடம் போதவில்லை. சலாமிகளை இறக்கிச் சங்கக் கூடத்தில் தொங்கவிட்டார்கள். நாற்பது நாள் கழுகுகள் யாரும் சைக்கிள் ஓட்டவில்லை. தினமும் மாலை வந்து ஃபிரேமை முகர்ந்து பார்த்து, கூடத்தில் தலைக்குமேல் தொங்கியதை ஆளுக்குக் கொஞ்சம் சீவித் தின்றுவிட்டுப் போனார்கள். இந்த நாட்களில் உறுப்பினர்கள் சராசரி நாலு கிலோ ஏறினார்கள். அது கமிஷனின் அதிகார வரம்புக்குள் வரவில்லை.

நீவெஸ் ஒரு தடவை பார்க்கப் போனாள். அறையில் ஒலிந்தோ மட்டும் இருந்தார், பட்டை இல்லாமல், கடை ஏப்ரனோடு.

"மெஷின் ரிப்பேர்காரனை வரச் சொல்லியிருக்கேன்," என்றார், கொக்கிகளைப் பார்த்தபடி. "சும்மாதான். தூசி தட்ட."

"நல்லது."

"நீ யார்கிட்டயும்..."

"நான் லைட்ஹவுஸுக்குப் போகணும், அவ்வளவுதான்."

அவர் ஒரு சின்ன சலாமியை எடுத்துத் தாளில் சுற்றி நீட்டினார். நீவெஸ் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "முன்னூத்திப் பத்து," என்றாள். அவர் அதை நிறுக்கவில்லை.

நாற்பதாம் நாள் மறு எடை. வெள்ளைத் துணி, சுத்தமாகத் துடைத்த தராசு, தொப்பி கழற்றல். நீவெஸின் ஃபிரேம் ஆயிரத்து நூற்று எண்பது. கூடம் கைதட்டியது. லோரிஸுடையது எண்ணூற்று இருபது, அதற்கு இன்னும் பலமான கைதட்டல். ஒலிந்தோவுடையது எழுநூற்று இரண்டு; அவர் கண் கலங்கினார், நிஜமாகவே. இருபத்து நாலு ஃபிரேம்களும் ஒரே சீராக எட்டரை சதவீதம் எடையிழந்ததை எஜீதியோ நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, 'சங்கம் விஞ்ஞானத்துக்கு அளித்த கொடை' என்று அடிக்கோடிட்டார். நாலு கம்பெனிகளுக்கும் புதிதாக ஒரு கடிதம் போனது, அவர்களுடைய சரக்கைப் பதப்படுத்தாமல் விற்பதைக் கண்டித்து.

அந்த வாரம் ஊர்ப் பெண்கள் வாங்கிய அரைக் கிலோ கொஞ்சம் தடிமனாக இருந்தது. "என்ன ஒலிந்தோ, கை தாராளமாயிடுச்சு?" என்று எஜீதியோவின் மனைவி கேட்டதற்கு, இந்த வருஷம் பன்றிகள் நல்ல வாகு என்று பதில் வந்தது.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு. காற்று கடலிலிருந்து, நேர் முகத்தில். சங்க விதி ஒன்பதின்படி ஃபிரேம் எடை வரிசையில் போக வேண்டும், இலேசானவர் முன்னால். ஆகவே ஒலிந்தோ தலைமை. அவருக்குப் பின்னால் ஏழு எட்டு தடித்த முதுகுகள். அதற்குப் பின்னால் இன்னும் தடித்தவை. கடைசியில் கழிவறைக் கதவோரத்துக்காரி நீவெஸ். எல்லாச் சைக்கிளிலும் பூண்டு வாசனை அடித்தது.

காற்று எங்கே போனதென்று தெரியவில்லை. இருபத்து மூன்று பேரும் சுவராக நின்று அதை வாங்கிக்கொண்டார்கள். நீவெஸ் காலை ஆட்டினாள், வண்டி போனது. பத்தொன்பதாவது கிலோமீட்டரைத் தாண்டினாள். இருபத்தொன்றைத் தாண்டினாள். இருபத்து மூன்றாவது கல்லைத் தாண்டும்போது அதைத் திரும்பிப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள். அந்த நேரத்தில் முன்னால் போன ஒவ்வொரு முதுகின்மேலும் அவளுக்கு அன்பு பொங்கியது.

இருபத்தெட்டில் முதல் ஆள் கரையோரம் உட்கார்ந்தார். பாதிப் புட்டித் தண்ணீரும் தீர்ந்து, நாற்பது நாள் ஓட்டாத கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் மளமளவென்று உதிர்ந்தார்கள். முப்பதில் ரொட்டிக்கு நிறுத்திய இடத்தில் ஒன்பது பேர் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்திரண்டில் லோரிஸ் புல்லில் மல்லாந்தான். எஜீதியோ தூரம் தப்பாக அளக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி நின்றுகொண்டார். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் கரைமேல் இரண்டே பேர், ஒலிந்தோவும் அவர் முதுகுக்குப் பின்னால் நீவெஸும். தலைவர் என்பதால் அவரால் நிற்க முடியவில்லை. அவரைவிட்டால் அவளாலும் போக முடியாது.

அவருடைய கழுத்து ஊதா நிறமாகியிருந்தது. வண்டி அலைந்தது. கால் நிற்கப் போவதை அவள் பார்த்துவிட்டாள்.

"தலைவரே, நிக்காதீங்க."

"முடியல நீவெஸ். ஃபிரேம்... ஈரக்காத்து... எடை ஏறிடுச்சு..."

"பசி தலைவரே, வேற ஒண்ணுமில்ல. இந்தாங்க." அவள் சட்டைப் பையிலிருந்து ரொட்டியை எடுத்து, பக்கத்தில் போய் நீட்டினாள். காற்று ஒரு நொடியில் அவளை அடித்துத் தள்ளப் பார்த்தது. "உங்க மோர்த்தடெல்லாதான். அம்பது கிராம், சரியா இருக்கு. தண்ணியும் குடிங்க. முழுப் புட்டி கொண்டுவந்திருக்கேன்."

அவர் மிதித்தபடியே தின்றார், குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து வண்டி நேரானது.

"எனக்கு ஒண்ணு சொல்லு," என்றார் திரும்பாமல். "எதுக்கு எங்க சங்கத்துல சேந்த? நாங்க யாரும் அவ்வளவு நல்லா ஓட்டறவங்க இல்லையே."

"உங்க முதுகுக்குத்தான் தலைவரே."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒலிந்தோ சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, சரிந்தார். நீவெஸ் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை நடந்துபோய் நின்றாள். கடல் காரில் வந்து பார்த்த அதே கடல்தான், கொஞ்சம் கலங்கலாகக்கூட இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"எந்தக் கிலோமீட்டர்?" என்றான் வால்தெர்.

"நாப்பத்து மூணு. வேனை எடுத்துட்டு வா. எனக்கில்ல."

"வரேன்," என்றான், வேறு மாதிரிக் குரலில்.

அவன் வருவதற்குள் ஒலிந்தோ சுவரில் சாய்ந்து, அடுத்த வருஷத்துக்கான திட்டத்தைச் சொல்லி முடித்திருந்தார். இன்றைக்கு இருபத்திரண்டு பேர் வீழ்ந்ததற்குக் காரணம் ஃபிரேம்கள் போதுமான அளவு பதப்படாததே. அடுத்த வருஷம் அறுபது நாள். ஆயிரத்து இருநூறு என்ற வரம்பும் தாராளம்தான், ஆயிரமாகக் குறைக்கலாம்.

வால்தெர் அவருடைய சைக்கிளை இரண்டு விரலால் தூக்கி வேனில் வைத்தான். அப்புறம் ஒலிந்தோவைப் பார்த்தான், வேனின் படியைப் பார்த்தான், நீவெஸைக் கூப்பிட்டான். அவள் ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்தாள், அவன் ஒரு பக்கம். மூன்றாவது முயற்சியில் தலைவர் குழாய்களுக்கு நடுவே உள்ளே போய்ச் சேர்ந்தார். வால்தெர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அடேயப்பா," என்றான் கதவைச் சாத்திவிட்டு. "எவ்வளவுடி இருப்பாரு?"

நீவெஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"நூத்திப் பதினெட்டு," என்றாள். "ஒரு கிராம் கொறஞ்சிருந்தாலும் நான் இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டேன்."

அவள் தன் சைக்கிளில் ஏறினாள். திரும்பும் வழியில் காற்று முதுகுப் பக்கம் இருந்தது.